தறியும் தமிழ் நாவலும்

தமிழ் இலக்கியம் கைத்தொழிலாளரை அறியாத இலக்கியம் அன்று. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுவதும் முயன்று ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அச்சக்கரம் எப்படி இருக்குமோ அப்படிப்பட்டவன் தன் தலைவன் என்று அதியமானைப் பகைவர்க்கு அறிமுகம் செய்கிறார் ஔவையார். புறநானூற்றின் 87-ஆம் பாட்டு இது. உவமை அதியமானுக்காக வந்தது என்பது உண்மையே. ஆயினும் அதைச் சொல்வதற்குத் தச்சுப்பட்டறையின் பக்கம் சற்றே நின்று பார்த்திருக்க வேண்டும். விரைந்து செய்ய வல்லவன் விரையாமல் செய்தால் வேலை எவ்வளவு உயரும் என்பது, உளி பிடித்தவனுக்கும் அவன் அருகில் நின்று பார்த்தவனுக்குமே தெரியும். அதே தொகுப்பில், கணவனை இழந்த ஒருத்தி குயவனிடம் சென்று, அவனைப் புதைக்கும் தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனைந்து தரச் சொல்கிறாள். குயவன் என்ன விடை சொன்னான் என்பதைப் பாட்டு கூறவில்லை. அவன் சக்கரத்தின் முன் அமர்ந்திருக்கிறான், கேட்கிறான், அவ்வளவுதான்.

இந்த ‘அவ்வளவுதான்’ என்பதே இக்கட்டுரையின் தொடக்கம். நம் பழைய இலக்கியத்தில் தச்சனும் கொல்லனும் குயவனும் பிறருடைய பெருமைக்கும் துயரத்துக்கும் துணை நிற்கிறார்கள். அவர்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள், யாரிடம் கடன்பட்டார்கள், யாரை எண்ணி உறங்காதிருந்தார்கள் என்பவை பாட்டின் எல்லைக்குள் வருவதில்லை. சிலப்பதிகாரம் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தைக் காட்டும்போது கன்னார், தச்சர், கொல்லர், ஓவியர், தையற்காரர், தோல்வினைஞர் என்று ஒரு பட்டறைத் தெருவையே நம் கண்முன் நிறுத்துகிறது. ஆனால் அக்காப்பியத்தில் கதையின் நடுவே வந்து செயலாற்றும் கைவினைஞன் ஒருவனே, அவனும் கள்வன். அவனொருவன் செய்த பிழைக்கு ஈடாக, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்று நூலின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. ஆயிரம் பட்டறைகளில் உலை அவிந்தது என்ற செய்தி அங்கே ஒரு வாக்கியத்துக்கு மேல் இடம் பெறவில்லை. இளங்கோவடிகளின் பெருமையை ஐயுறுவோர் யாரும் இலர், நானும் அல்லேன். ஆனாலும் அந்த வாக்கியத்தைக் கடக்கும்போதெல்லாம் என் நெஞ்சு சற்று நிற்கத்தான் செய்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் கைவினைஞன் கதாநாயகனாக உயர்ந்தான். ஆனால் உயர்ந்த வேகத்தில் அவன் தெருவை விட்டே போய்விட்டான். கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தில் வரும் ஆயனச் சிற்பியார் காட்டு நடுவே வீடு கட்டிக்கொண்டு, அஜந்தா வர்ணங்களின் இரகசியத்தை நினைந்து உருகுகிறார். அந்தப் பெருமகனாருக்குக் கல் யார் கொடுத்தார், கூலி யார் அளந்தார் என்று கேட்பது நாகரிகமாகாது என்று தோன்றும்படி கதை நம்மை மயக்கிவிடுகிறது. புதுமைப்பித்தன் இந்த மயக்கத்துக்கு இடம் கொடுத்தவரல்லர். ‘சிற்பியின் நரகம்’ என்ற கதையில், தான் வடித்த நடராசர் சிலையை ஏறெடுத்தும் பார்க்காமல் மோட்சம் கேட்டு முட்டி மோதும் கூட்டத்தைக் கனவில் கண்டு சாத்தன் என்ற சிற்பி துடிக்கிறான். சிறந்த கதை. எனினும் அங்கும் பேசப்படுவது கலைஞனின் தனிமை. தொழிலாளியின் வாழ்வு அன்று. சாத்தனுக்கு நாளைய அரிசியைப் பற்றிய கவலை இல்லை.

சிறிய ஊரின் தெருவில், வீட்டுக்குள்ளேயே தொழிற்கருவியை வைத்துக்கொண்டு, முதலாளிக்குக் கணக்குக் காட்டி, பிள்ளை பெற்று வாழும் கைத்தொழிலாளியைத் தமிழ் நாவல் அவனுக்குரிய இடத்தில் வைத்துப் பார்த்தது என்றால், அதற்கு எடுத்துக்காட்டாக நான் இரு நூல்களைச் சொல்வேன். ஒன்று, தொ.மு. சிதம்பர ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953). மற்றொன்று, எம்.வி. வெங்கட்ராமின் ‘வேள்வித் தீ’ (1975). இரண்டும் நெசவாளர் கதைகள். முன்னது தாமிரபரணிக் கரையில் உள்ள அம்பாசமுத்திரத்தில் நிகழ்வது. பின்னது காவிரிக் கரையில் உள்ள கும்பகோணத்தில் நிகழ்வது. முன்னதில் பருத்தி, பின்னதில் பட்டு. இலக்கியக் கூட்டங்களில் முதல் நூலைப் ‘பிரசாரம்’ என்றும், இரண்டாவதைப் ‘பிறன் இல் விழைந்தவன் கதை’ என்றும் இரண்டே சொற்களில் ஒதுக்கிவிடுவோர் உண்டு. இந்த இரு தீர்ப்புகளும் பிழையானவை என்பதை இயன்ற அளவு காட்ட விழைகிறேன்.

‘பஞ்சும் பசியும்’ நாவலின் காலம் நாடு விடுதலை பெற்றதை அடுத்த சில ஆண்டுகள். போர்க்காலத்தில் 1943-இல் வந்த துணி, நூல் கட்டுப்பாடு 1948-இன் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. விலை ஏறவே அவ்வாண்டிலேயே மீண்டும் விதிக்கப்பட்டது. பிரிவினையால் சிந்துவின் பருத்தி வயல்களும் மேற்குப் பஞ்சாபின் பருத்தி வயல்களும் எல்லைக்கு அப்பால் போய்விட்டன. பஞ்சு குறைந்தது, நூல் குறைந்தது, கிடைத்த நூலும் பதுக்கலுக்குள் மறைந்தது. நூற்கும் ஆலைக்கு இவ்வளவு பெரிய அடி விழவில்லை. அடி விழுந்தது, சிட்டம் சிட்டமாக நூல் வாங்கி நெய்து, நெய்ததை விற்று அரிசி வாங்கிய நெசவாளியின் வயிற்றில். இதில் வேடிக்கை ஒன்று உண்டு. வேடிக்கை என்பதைவிட வேதனை என்பதே பொருந்தும். அம்பாசமுத்திரத்துக்கு மிக அருகிலேயே, விக்கிரமசிங்கபுரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாபநாசம் அருவியின் நீர்வலியை நம்பி ஹார்வி கம்பெனியார் நிறுவிய நூற்பாலை இருந்தது. கூப்பிடு தூரத்தில் ஆலை; தெருவில் நூல் பஞ்சம். ரகுநாதன் நாவலைப் புனைவதற்கு எங்கும் தேடிச் செல்ல வேண்டியிருக்கவில்லை. நெல்லைச் சீமையில் பிறந்த அவருக்கு அது கண்முன் நடந்த கதை.

கைலாச முதலியார் என்ற நேர்மையான ஜவுளி வணிகரின் வீழ்ச்சியும், தாதுலிங்க முதலியார் என்ற நூல் வணிகரின் வளர்ச்சியும் இந்நாவலின் இரு தூண்கள். இவ்விருவரின் பிள்ளைகளுக்கிடையே ஒரு காதலும் உண்டு. கதைக்கட்டில் அன்றைய திரைப்படத்தின் சாயல் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. சில இடங்களில் பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசுவதை விட்டு வாசகரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்பதும் உண்மை. இவையெல்லாம் குறைகளே. ஆனால் இக்குறைகளை எண்ணிக் கழித்த பின்பும் எஞ்சி நிற்பது சிறிதன்று. ஒரு தொழில் ஏன் அழிகிறது என்ற வினாவுக்கு ‘விதி’ என்றோ ‘நாகரிகம் மாறிவிட்டது’ என்றோ விடை சொல்லாமல், நூல் எங்கிருந்து வருகிறது, யார் கையில் தங்குகிறது, என்ன விலைக்கு இறங்குகிறது என்று இழை பிடித்துக்கொண்டே சென்று காட்டிய தமிழ் நாவல் இது. ஒரு சிறிய ஊரின் பட்டினியைத் தில்லியில் எழுதப்படும் ஓர் ஆணையோடு இணைத்துப் பார்க்கும் பார்வை அதற்கு முன் நம் நாவல்களில் அரிது. தில்லியில் கோப்புகளை நகர்த்தும் என்னைப் போன்ற எழுத்தர்கள் படிக்க வேண்டிய நாவல் இது என்று நான் கூறுவது இதனால்தான். கோப்பில் ‘ஒதுக்கீடு’ என்ற ஒரு சொல் இங்கே அமைதியாக உட்கார்ந்திருக்கும். அது அங்கே போய்ச் சேரும்போது ஒரு தெருவின் அடுப்பு எரிவதோ அணைவதோ ஆகிவிடுகிறது.

அக்கால நிகழ்ச்சிகளை நினைவிற்கொண்டு படித்தால் நாவலின் வேகம் இன்னும் விளங்கும். 1952-இல் அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைந்தது. வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று அன்றைய சென்னை முதல்வர் ராஜாஜி வற்புறுத்தினார். 1953-இல் ஆலைத் துணியின் மீது தீர்வை விதித்து அப்பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் செலவிடச் சட்டம் வந்தது. அவ்வாண்டே தி.மு. கழகத் தலைவர்கள் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். கொள்கையில் இரு துருவங்களாக நின்றவர்கள் ஒரு செய்தியில் ஒன்றுபட்டார்கள் என்றால் அன்றைய துயரின் அளவை நாம் உணரலாம். ‘பஞ்சும் பசியும்’ வெளிவந்ததும் அதே ஆண்டுதான். அது வரலாற்று நாவலாக எழுதப்பட்டதன்று. எழுதும்போது அது அன்றாடச் செய்தி. அதன் உரத்த குரலுக்கு இதுவே காரணம். தெருவில் தீப்பிடித்திருக்கும்போது மெல்லிய குரலில் பேசுவார் இல்லை.

ஆயினும் இந்நாவலைப் பற்றி எனக்கொரு குறை உண்டு. அது பிறர் சொல்லும் குறை அன்று. நூல் கிடைக்காத தறியே கதையின் பொருள் ஆதலால், இங்கே நெசவாளி நெய்வதைக் காட்டிலும் நெய்ய இயலாமல் நிற்பதே மிகுதி. அவன் பசியை நாம் அறிகிறோம்; அவன் கோபத்தை அறிகிறோம்; அவன் கை அறிந்ததை அறிகிறோமா? பசித்தவன் நெசவாளியாக இல்லாமல் வேறு தொழிலாளியாக இருந்தாலும் கதை ஏறத்தாழ இப்படியே நடந்திருக்கும் என்று சில இடங்களில் தோன்றுகிறது. வர்க்கம் தெரிகிறது, தொழில் தெரியவில்லை.

நெசவு என்பது என்ன தொழில் என்று சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். சேலையை உடுத்துவோர் நாம்; அதன் பிறப்பை அறியாதோரும் நாமே. குழித்தறியில் நெசவாளி தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிக்கிறான். குழி தோண்டுவது இடவசதிக்காக மட்டும் அன்று. மண்ணின் ஈரம் இழை அறாமல் காக்கிறது. மிதி அழுந்த, விழுதுகள் ஏறி இறங்க, பாவின் இழைகள் இரண்டாகப் பிரிந்து வழி விடுகின்றன. அந்த வழியில் நாடா ஓடுகிறது. நாடாவுக்குள் தார், தாரில் ஊடை நூல். ஓடிய இழையை அச்சுப்பலகை வந்து அடிக்கிறது. இது ஓர் இழை. இப்படி எத்தனை ஆயிரம் இழைகள் விழுந்தால் ஒரு முழம் ஆகும் என்பதை நெய்பவன் கணக்கிடுவதில்லை; அவன் தோளே கணக்கு வைத்துக்கொள்ளும். ஒரு பாவு முடிந்ததும் அதன் முனைகளோடு புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பிணைப்புகள், ஓர் இழை மாறினாலும் துணியின் நெடுகிலும் அக்குற்றம் கோடாக ஓடும். பருத்திப் பாவுக்குக் கஞ்சியிட்டு விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு விரித்து உலர்த்துவார்கள். அந்நேரம் மழை வந்தால் அன்றைய உழைப்பு நீரோடு போகும். ஆகவே நெசவாளர் தெருவில் மழையைக் கண்டு மகிழ்பவர் எவரும் இலர். உழவன் வானத்தைப் பார்த்து வேண்டுவதும் நெசவாளி வேண்டுவதும் ஒன்றுக்கொன்று முரண். இரண்டும் ஒரே ஊரில்.

பட்டில் இன்னொரு கொடுமை உண்டு. பட்டும் சரிகையும் நெசவாளியின் பொருள்கள் அல்ல. முதலாளி எடை போட்டுக் கொடுப்பார். சேலை முடிந்ததும் எடை போட்டு வாங்குவார். குறைந்தால் கூலியில் கழியும். பல்லாயிரம் ரூபாய் பெறும் பொருளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, அந்த வீட்டில் அரிசிக்குக் கடன் சொல்லி அனுப்பும் வாழ்வு அது. போதாததற்கு முன்பணம். திருமணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய முன்பணம் தீரும்வரை அந்த முதலாளியை விட்டு வேறு முதலாளியிடம் போக இயலாது. சங்கிலி கண்ணுக்குத் தெரியாது, சரிகையைப்போல மெல்லியது, அறுக்கவும் இயலாது.

இதை உள்ளிருந்து அறிந்தவர் எம்.வி. வெங்கட்ராம். 1920-இல் கும்பகோணத்தில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தார். பதினாறு வயதில் ‘மணிக்கொடி’யில் எழுதத் தொடங்கினார். பட்டுச் சரிகை வணிகம் செய்தார்; பொருளை இழந்தார்; எழுத்தையே நம்பி வாழ முயன்று, வயிற்றுக்காக ஏராளமான வாழ்க்கை வரலாற்று நூல்களை எழுதினார். ‘காதுகள்’ நாவலுக்கு 1993-இல் சாகித்திய அக்காதெமி பரிசு வந்தபோது அவருக்கு வயது எழுபத்து மூன்று. 2000-இல் மறைந்தார். தராசின் இரு பக்கத்தையும் அறிந்த ஒருவர் பட்டுநூல்காரர் தெருவைப் பற்றி எழுதினார் என்பது தமிழ் நாவலுக்கு வாய்த்த நற்பேறு.

‘வேள்வித் தீ’யின் கண்ணன் ஒரு பட்டு நெசவாளி. அவனுக்குக் கடன் உண்டு, குடும்பச் சுமை உண்டு, தொழிலின் ஏற்ற இறக்கம் உண்டு. இவையெல்லாம் ரகுநாதனின் நெசவாளர்க்கும் உண்டு. ஆனால் வெங்கட்ராம் அவனுக்கு மேலும் ஒன்றைத் தருகிறார்: மனச்சான்று. கௌசல்யா என்னும் அன்பான மனைவியைப் பெற்ற கண்ணன், ஹேமா என்னும் வேறொரு பெண்ணிடம் ஈர்க்கப்படுகிறான். அந்த ஈர்ப்பு அவனை எங்கெல்லாம் இழுத்துச் செல்கிறது, கௌசல்யாவுக்கு என்ன நேர்கிறது என்பவற்றை நான் இங்கே சொல்லிவிட்டால், இனிப் படிக்க இருப்போர்க்கு நான் செய்யும் துரோகம் ஆகும். ஒன்றை மட்டும் சொல்லலாம். அவன் ஏழை என்பதால் அவன் செய்த தவறு தவறில்லை என்று ஆசிரியர் ஓரிடத்திலும் வாதாடவில்லை. அவன் தவறினான் என்பதால் அவன் ஏழ்மை நியாயம் என்றும் கூறவில்லை. இரண்டையும் அவன் தலையிலேயே வைத்து, சுமக்கச் சொல்லிவிட்டு, உடன் நடக்கிறார்.

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். காமமும் குற்ற உணர்வும் தமிழ் நாவலுக்குப் புதியன அல்ல. தி. ஜானகிராமனின் கும்பகோணத்தில் அவை தெருவுக்குத் தெரு உண்டு. புதுமை இதுதான்: மனப்போராட்டம் என்ற செல்வத்தை நம் நாவலாசிரியர்கள் பெரும்பாலும் படித்தவர்க்கும் வசதி படைத்தவர்க்குமே கொடுத்து வந்தார்கள். கூலிக்கு உழைப்பவன் கதைக்குள் வந்தால் அவனுக்குப் பசி மட்டும் இருக்கும். மிஞ்சினால் ஆவேசம் இருக்கும். நள்ளிரவில் விழித்துக்கொண்டு தன்னைத்தானே விசாரித்துக்கொள்ளும் உரிமை அவனுக்கு இல்லை. வெங்கட்ராம் அந்த உரிமையை ஒரு தறிக்காரனுக்கு வழங்கினார். நெசவாளியின் மீது நாம் இரக்கம் கொள்ள வேண்டும் என்று கேட்பது எளிது. அவனை நமக்கு நிகராக வைத்து, அவன் மீது கோபமும் கொள்ள வைப்பது எளிதன்று. ‘வேள்வித் தீ’யைப் படிக்கையில் கண்ணன் மீது எனக்குக் கடுங்கோபம் வந்தது, அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ‘பஞ்சும் பசியும்’ நூலில் எந்த நெசவாளி மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. அதுவே அந்நாவலின் குறை என்று இப்போது எண்ணுகிறேன்.

மற்றோர் உண்மையும் உண்டு. நெசவாளிக்கு வீடும் தொழிற்சாலையும் ஒன்று. அலுவலகத்தில் பணிபுரியும் நமக்கு, வீட்டில் ஏற்பட்ட மனக்கசப்பை மறக்கப் பத்து மணிக்குப் பேருந்து ஏறினால் போதும். அலுவலகக் கசப்பை மறக்க ஐந்து மணி போதும். தறிக்காரனுக்கு இந்த வசதி இல்லை. மனைவி தார் சுற்றும் ராட்டை அவன் தறிக்கு ஐந்தடி தூரத்தில் சுழல்கிறது. அவர்களுக்குள் பேச்சு நின்றுவிட்டாலும் தார் வந்தாக வேண்டும். நாடா ஓடியாக வேண்டும். இத்தகைய வீட்டில் ஒரு பொய் புகுந்தால் அது தங்குவதற்கு இடமே கிடையாது. ஒரு குடும்பக் கதை நெசவாளர் வீட்டில் நிகழும்போது மட்டும் ஏன் இத்தனை நெருக்கமும் புழுக்கமும் பெறுகிறது என்பதற்கு இதுவே காரணம். ஆகவே இதைத் தொழிலோடு ஒட்டாத கள்ளக்காதல் கதை என்போர், கதையைப் படித்திருக்கலாம். அந்த வீட்டைப் பார்க்கவில்லை.

குறைகளும் உண்டு. ஹேமாவின் உள்ளம் கௌசல்யாவின் உள்ளம்போல் துலங்கவில்லை. அவள் சில நேரங்களில் கண்ணனின் சோதனையாக மட்டும் நிற்கிறாள். கண்ணனின் சிந்தனைகள் சில பக்கங்களில் ஆசிரியரின் சிந்தனைகளாக நீண்டுவிடுகின்றன. நூல் விலையை இழை பிடித்துக் காட்டிய ரகுநாதனின் கூர்மை இங்கே இல்லை; கும்பகோணத்துக்கு வெளியே உலகம் எப்படி நடக்கிறது என்பதை இந்நாவலிலிருந்து நாம் பெரிதாக அறிந்துகொள்வதற்கில்லை. இரு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்தால்தான் ஒரு நெசவாளி முழுமையாகக் கிடைக்கிறான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாரேனும் வற்புறுத்தினால், நான் ‘வேள்வித் தீ’யையே எடுத்துக்கொள்வேன்.

தாய்மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு இந்நாவல் இன்னொரு வகையிலும் நெருங்கியது. கண்ணனின் சமூகத்தார் வடக்கேயிருந்து தெற்கே வந்தவர்கள். சௌராஷ்டிர மண்ணை விட்டுப் புறப்பட்டு, பல நாடுகள் கடந்து, மதுரை, கும்பகோணம், சேலம், பரமக்குடி முதலிய ஊர்களில் தங்கினார்கள். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி. வெங்கட்ராமின் தாய்மொழியும் தமிழ் அன்று; ஆனால் தமிழ் உரைநடையின் முதல் வரிசையில் அவருக்கு இடம் உண்டு. நாம் தெற்கேயிருந்து வடக்கே வந்தவர்கள். தட்டச்சும் சுருக்கெழுத்தும் நம்முடைய தறிகள். கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் நம் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் பேசி வளர்கிறார்கள். அவர்கள் கதையை நம் கதையின் மறுபக்கமாகப் படிக்கலாம்.

புலம்பெயர்ந்த நெசவாளர் தம் கதையைப் பாட்டாகவே எழுதுவித்த வரலாறும் ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்து மாந்தசோரில் குப்தர் காலக் கல்வெட்டு ஒன்று இருந்தது. பழைய பெயர் தசபுரம். குஜராத்தின் லாட தேசத்திலிருந்து அங்கே குடியேறிய பட்டு நெசவாளர் குழுவினர், ஐந்தாம் நூற்றாண்டில் சூரியனுக்குக் கோயில் எடுத்தார்கள். பிறகு அதைப் புதுப்பித்தபோது, வத்ஸபட்டி என்ற புலவரைக் கொண்டு வடமொழியில் செய்யுள் இயற்றிக் கல்லில் பொறித்தார்கள். அவர்களுள் சிலர் நெசவிலேயே நின்றதையும், சிலர் வில்வித்தை, சோதிடம் முதலிய வேறு துறைகளில் புகுந்ததையும் அச்செய்யுள் சொல்கிறது. பெண் எவ்வளவு அழகும் அணியும் பெற்றிருந்தாலும் பட்டாடை இல்லாமல் காதலன் முன் செல்லமாட்டாள் என்று அதில் ஒரு பாட்டு வருகிறது. இதைவிடத் திறமையான விளம்பரத்தை இன்றைய ஜவுளிக்கடைகளும் எழுதவில்லை! கும்பகோணத்துச் சௌராஷ்டிரர் இவர்களுடைய நேர் வாரிசுகள் என்று நான் கூற வரவில்லை. ஆனால் ஊர்விட்டு ஊர் வந்த தறிக்காரர், தம் பெயரைப் பிறர் பாடக் காத்திராமல் தாமே புலவருக்குப் பொருள் கொடுத்துப் பாடச் செய்தார்கள் என்பது எண்ணத்தக்கது. மணிமேகலையிலும் இதற்கு ஒப்பான ஒரு காட்சி உண்டு. சோழன் மண்டபத்தைத் தமிழ்நாட்டு வினைஞரோடு சேர்ந்து மகதத்து வினைஞரும் மராட்டக் கம்மியரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் எழுப்பினார்கள் என்கிறார் சாத்தனார். கைத்தொழில் தெரிந்தவனுக்கு அந்நிய ஊர் என்று ஒன்று அன்றும் இருந்ததில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். 1952-இல் பிறந்த கைத்தறி வாரியம் 2020-இல் கலைக்கப்பட்டது. 1995–96 கணக்கெடுப்பில் 65 லட்சத்துக்கு மேல் இருந்த கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை, 2009–10-இல் 43 லட்சமாகவும், 2019–20-இல் 35 லட்சமாகவும் குறைந்தது. இந்த எண்களைப் பார்க்கும் எழுத்தன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். எண்களில் குறைந்தவர்கள் இறந்தவர்கள் அல்லர். வேறு வேலைக்குப் போனவர்கள். மாந்தசோர்க் கல்வெட்டு பெருமையோடு சொன்ன செய்தியே இது. வில்வித்தைக்கும் சோதிடத்துக்கும் பதிலாக இன்று விசைத்தறிக்கும் பின்னலாடைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். அந்த மாற்றத்தின் நடுவே, பாவு பிணைக்கும் விரலின் அறிவு எங்கே போகிறது? விழுது, மிதி, தார், சிட்டம் ஆகிய சொற்கள் யார் வாயில் தங்கும்? அரசுக் கோப்பில் எல்லோருக்கும் ‘கைவினைஞர்’ என்று ஒரே சொல். நாவலும் அப்படியே எழுதத் தொடங்கினால் அச்சொற்களுக்குப் புகலிடம் இல்லை.

அந்தக் கணக்கெடுப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 2019–20-இல் எண்ணப்பட்ட கைத்தறித் தொழிலாளருள் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் பெண்கள். ‘நெசவாளி’ என்றதும் நம் மனக்கண்ணில் மீசையோடு ஓர் ஆள் வந்து தறியில் உட்காருகிறான். ரகுநாதனுக்கும் வெங்கட்ராமுக்கும் அவன்தான் வந்தான். தார் சுற்றியவளும் பாவு ஓட்டியவளும் இழை பிணைத்தவளும் அந்த வீட்டின் மனைவியாகவோ மகளாகவோ மட்டும் கதைக்குள் நின்றார்கள். அவர்களுக்குக் கூலி என்று தனியாக எதுவும் எழுதப்படவில்லை. முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் கணவன் பெயர்தான் இருக்கும். கண்ணனின் உறக்கமின்மையை நூறு பக்கங்களுக்கு நமக்குக் காட்டிய ஆசிரியர், கௌசல்யா உறங்காமல் கிடந்த இரவுகளை அவளிடமிருந்தே கேட்டு எழுதியிருந்தால் அது எத்தகைய நாவலாக இருந்திருக்கும் என்று பலமுறை எண்ணியதுண்டு. நெசவாளர் தெருவிலிருந்து படித்து வெளியேறிய பெண்கள் இன்று பல நகரங்களில் பணிபுரிகிறார்கள், தில்லியிலும் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் தம் தாயின் ராட்டையைப் பற்றி எழுதத் தொடங்கினால், முதல் பிரதியை வாங்க நான் வரிசையில் நிற்பேன்.